பதினான்கு சோத்திரிஸ்களும் ஒரு பளிங்குப் பாப்பாவும்

அத்தியாயம் 6

காவல் நிலையத்தில் நாலு சோத்திரிஸ்கள் பிடிபட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவது சோத்திரிஸ் தானாகவே நடந்து வந்து, “என்னை மட்டும் ஏன் விட்டீங்க? நான் என்ன அதுக்குக்கூட லாயக்கில்லாதவனா?” என்று வாசலில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

பெஞ்சின் நடுவே ஒரு இனிப்புப் பெட்டி திறந்து கிடந்தது. நேற்று சோத்திரிஸ்களின் பெயர்நாள், அந்தப் பெயர் வைத்தவர்கள் ஊருக்கெல்லாம் இனிப்பு கொடுத்து வாழ்த்து வாங்கும் திருநாள். அதில் மிஞ்சியதை நாலு பேரும் ஒருவருக்கொருவர் ஊட்டிவிடாத குறைதான். சார்ஜண்ட் வ்லாஸிஸின் மீசையில் சர்க்கரைத் தூள் ஒட்டியிருந்தது.

“விசாரணை நடக்குது,” என்றார் அவர், விழுங்கி முடித்துவிட்டு.

“மீசையிலயே தெரியுது சார்,” என்றேன்.

நான் யோர்தானிஸ். கிரேக்கத் தீவான நக்ஸோஸின் துறைமுகத்தில் டாக்ஸி ஓட்டுகிறவன். மூன்று நாளாக அதுவும் ஓடவில்லை. வடகாற்றின் வேகம் எட்டாம் எண்ணைத் தொட்டால் கப்பல் கிடையாது. கப்பல் இல்லாவிட்டால் டாக்ஸிக்கு ஆள் கிடையாது. கடலோரத்தில் தனியாக நிற்கும் பழைய கோயிலின் பளிங்கு வாசலில் படம் எடுக்கப் போனவர்களின் தொப்பிகள் மட்டும்தான் தீவை விட்டுப் போய்க்கொண்டிருந்தன. எனக்கு வாய்த்த ஒரே சவாரி ஹென்ட்ரிக் என்ற டச்சுக்காரர். ஆறடிக்கு மேல் உயரம், தலையில் வைக்கோல் தொப்பி, எங்கள் மொழியில் வணக்கம் சொல்லக்கூடத் தெரியாது. ஆனாலும் தங்கமான மனிதர். நேற்று சாயங்காலம் காபிக் கடையில் வெயிட்டரைப் பார்த்து விரலால் ஒரு வட்டம் போட்டார். இருந்த பன்னிரண்டு பேருக்கும் அவர் செலவில் காபி வந்துவிட்டது. வெளிநாட்டுக்காரர் தயவில் நான் காபி குடித்தது என் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை.

என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த அம்மாள் பூசணி விதையின் ஓட்டைக் கையில் துப்பி, கவனமாகக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். எவந்தியா மேடம். ஏதென்ஸ் பக்கத்துப் பிரேயஸ் துறைமுகச் சுங்கத்தில் முப்பத்தைந்து வருஷம் பெட்டி திறந்தவள். ஓய்வு பெற்று எங்கள் தீவுக்கு வந்தபின் திறக்கப் பெட்டி கிடைக்காமல், ஊரார் ரகசியங்களைத் திறந்துகொண்டிருக்கிறாள். நான் அவளுக்கு டிரைவர், உதவியாளர், ஏச்சு வாங்குகிறவன். மூன்றுக்கும் சேர்த்துச் சம்பளம் பூசணி விதை.

“சார்ஜண்ட், பொண்ணைப் பார்க்கலாமா?” என்றாள் மேடம்.

“பாருங்க. அஞ்சரைக்குக் கப்பல் வருது. தடையை எடுத்தாச்சு. ஏதென்ஸ்லேர்ந்து அதிகாரி அதுல வராரு. அதே கப்பல்ல அவளைக் கூட்டிக்கிட்டுத் திரும்பிடுவாரு.”

மணி மூன்று ஆகியிருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தவள் என் மனைவியின் தங்கை.

கலிரோயி எட்டு வருஷம் தற்காலிக வேலை பார்த்து, இந்த வசந்தத்தில்தான் அகழாய்வுக் கொட்டகையின் நிரந்தரக் காவலாளி ஆனாள். மலைச்சாலையில் நாலு இடிந்த சுவர், ஒரு கிணறு, ஒரு கண்ணாடி அலமாரி. அலமாரியின் நடுவில் ஒரு பளிங்குப் பாப்பா. சாண் உயரம். கண்ணும் இல்லை, வாயும் இல்லை. மூக்கு மட்டும் உண்டு. நாலாயிரம் வருஷத்துக்கு மேலாகக் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றவள், நேற்று மதியம் காணாமல் போய்விட்டாள்.

“அத்தான்!” என்று எழுந்து ஓடிவந்தாள் கலிரோயி. அழுது அழுது அவள் மூக்கும் பாப்பாவின் மூக்கு மாதிரி தனியாகத் தெரிந்தது.

“உக்காரும்மா,” என்றாள் மேடம். “எத்தனை நிமிஷம் வெளியில போனே?”

“மூணு நிமிஷம்தான் மேடம். காத்துல ஒரே மண்ணு. அலமாரியத் திறந்து தொடைச்சிட்டிருந்தேன். சாவி பூட்டுலயே இருந்துச்சு. ஒரு மணி வாக்குல பஸ் டிரைவர் சோத்திரிஸ் ரோட்டுல வண்டிய நிறுத்தி ஹாரன் அடிச்சாரு. பெட்டிய நீட்டிக்கிட்டு நிக்கறாரு. பேர்நாள் அன்னிக்கு இனிப்பு நீட்டுறவர எப்படி மேடம் வேணாம்னு சொல்றது? கேட்டுக்கு ஓடினேன், ஒண்ணு எடுத்தேன், வாழ்த்தினேன், வந்தேன். வந்து கண்ணாடிய மூடிப் பூட்டினேன். உள்ள பார்க்கல. ரெண்டு மணிக்குச் சாத்தறப்பதான் பார்த்தேன்.”

“அப்போ உள்ள யார் இருந்தா?”

“ஏழெட்டு பேர். உள்ளூர், வெளியூர், எல்லாம் கலந்து. பை எதையும் உள்ள விடமாட்டேன், மேடம். ஆனா நேத்துப் பாதிப் பேர் கையில இனிப்புப் பெட்டி. வெயில்ல வெளியில வெச்சா உருகிடுமேன்னு விட்டுட்டேன். யார் மூஞ்சியையும் சரியாப் பார்க்கல. போறப்பவும் அதே பெட்டி, அதே ரிப்பன். அடுத்தவங்க இனிப்புப் பெட்டியத் திறந்து பார்க்கறதாவது!”

“அதான் நான் சொல்றேன்!” சார்ஜண்ட் வ்லாஸிஸ் கதவில் சாய்ந்துகொண்டு முழங்கினார். “பொம்மை இனிப்புப் பெட்டியில போயிருக்கு. இனிப்பெல்லாம் கொட்டகைக்குப் பின்னாடி கொட்டிக் கிடக்கு, எறும்பு மொய்க்குது. நேத்துப் பெட்டி தூக்கினவன் எவன்? பேர்நாள்காரன். நேத்து யாரோட பேர்நாள்? சோத்திரிஸோடது. ஆக, இது ஒரு சோத்திரிஸோட வேலை. ஊர்ல பதினாலு சோத்திரிஸ் இருக்காங்க. நாலு பேரப் பிடிச்சாச்சு. கூட்டாளி, சாவி வெச்சிருந்த இவதான்.”

“அதுல ஒருத்தர் உங்க மச்சான்,” என்றேன்.

“கடமைன்னு வந்துட்டா மச்சான் என்ன, மாமனார் என்ன?”

“ராத்திரி வீட்டுல சாப்பாடு கிடைச்சுதா சார்?”

சார்ஜண்ட் பெஞ்சுப் பக்கம் போய் இன்னொரு பாதாம் உருண்டையை எடுத்துக்கொண்டார்.

கலிரோயி என் சட்டைக் கையைப் பிடித்தாள். “அத்தான், கைவிலங்கோட துறைமுகத்துல நடத்திக் கூட்டிட்டுப் போவாங்களாம். ஊரே நிக்கும். அப்புறம் நான் நிரபராதின்னு வந்தாக்கூட, திருடின கலிரோயின்னுதான் சொல்லுவாங்க.”

அவள் சொன்னது அப்பட்டமான உண்மை. எங்கள் தீவில் தீர்ப்பு காபிக் கடையில்தான். மேல்முறையீடு கிடையாது.

அகழாய்வுக் கொட்டகையின் பின்சுவருக்கு அப்பால் எறும்புகள் ஒரு திருவிழாவே நடத்திக்கொண்டிருந்தன. மேடம் பாவாடையைச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்து, ஒரு குச்சியால் உருண்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். கடல் பக்கமிருந்து வந்த காற்றில் பழைய வேகம் இல்லை. காற்று அடங்கினால் கப்பல் வந்துவிடும்; எனக்கு அது பிடிக்கவே இல்லை.

“நாப்பது,” என்றாள். “மலாமோ கடைப் பெட்டியில ஒரு கிலோவுக்கு எத்தனை வரும்?”

“நாப்பதுதான். மலாமோ ஒண்ணு கூடவும் போடமாட்டா, குறைக்கவும் மாட்டா. அப்பேர்ப்பட்ட நேர்மையான கஞ்சம்.”

“அப்போ பெட்டி முழுசா இருந்திருக்கு. நேத்து மதியம் ஒரு மணிக்கு.” எழுந்து முழங்காலைத் தட்டினாள். “யோர்தானிஸ், நீ ஒரு சோத்திரிஸ்னு வெச்சுக்கோ.”

“வேணாம் மேடம். உள்ள போட்டுடுவாங்க.”

“கையில இனிப்புப் பெட்டி. துறைமுகத்துலேர்ந்து இங்க வரணும். வழியில யார் யார் இருப்பாங்க?”

யோசித்தேன். காபிக் கடை. டாக்ஸி ஸ்டாண்டு. வலை உலர்த்துகிறவர்கள். தபால்காரர். பள்ளத்தில் விதவைப் பெண்கள் மூன்று பேர், நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள், கடவுளே நடந்து போனாலும் நிறுத்தி விசாரிப்பவர்கள். எல்லாரும் வாழ்த்துவார்கள், எல்லாரும் கையை நீட்டுவார்கள். அரை மைல் தாண்டுவதற்குள் பெட்டியில் ரிப்பன்தான் மிஞ்சும்.

“முழுப் பெட்டியோட எந்த சோத்திரிஸாலயும் இங்க வந்து சேர முடியாது மேடம்.”

“பார்த்தியா, உனக்கும் மூளை வேலை செய்யுது. அப்போ பெட்டியத் திற, எடுத்துக்கறேன்னு யாருமே கேக்காத ஆள்தான் வந்திருக்கான். சோத்திரிஸ் இல்லாத ஒருத்தன். நாலு பேரையும் வீட்டுக்கு அனுப்பச் சொல்லலாம்.”

“அனுப்பினாலும் போகமாட்டாங்க. அங்க கச்சேரி களைகட்டிடுச்சு.”

மதியத் தூக்க நேரத்தில் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவது எங்கள் ஊரில் திருட்டைவிடப் பெரிய குற்றம். மலாமோ கடைக்கு மேல்தான் குடியிருந்தாள். மேடம் மூன்று தடவை தட்டினாள். நான் மூன்றடி தள்ளி நின்றேன். ஜன்னல் திறந்தது. முதலில் ஒரு செருப்பு வந்தது, பிறகு முகம் வந்தது.

“எவன் செத்தான்?” என்றாள் மலாமோ.

“இன்னும் யாரும் இல்ல. நேத்து ஒரு கிலோ பெட்டி வாங்கினவங்க யாரு?”

“இத கேக்கவா எழுப்பினே? நாலு மணிக்கு மேல வந்து கேட்டா நான் செத்தா போயிடுவேன்?”

“கலிரோயிய அஞ்சரைக் கப்பல்ல ஏத்தப் போறாங்க, மலாமோ.”

மலாமோவின் முகம் மாறியது. கீழே இறங்கி வந்து, செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, படியில் உட்கார்ந்தாள். விரல் விட்டு எண்ணினாள். பதினாலு சோத்திரிஸும் வாங்கினார்கள். பதினாலு பேரும் ரிப்பனைக் கடை வாசலிலேயே அவிழ்த்துவிட்டார்கள். அவளுக்கே முதல் உருண்டையைக் கொடுத்தார்கள்.

“அப்புறம் ரெண்டு பேரு. ஒருத்தர் இவனோட டச்சுக்காரரு. தங்கியிருக்கற வீட்டுக்காரம்மாவுக்குப் பரிசாம், கையாலயே ஜாடை காட்டினாரு.”

“நல்ல மனுஷன்,” என்றேன். “ஒண்டியா வந்தாலும் எல்லார் மேலயும் பாசம்.”

“இன்னொருத்தர்...” மலாமோ குரலைத் தாழ்த்தினாள். தெரு காலியாகத்தான் இருந்தது. “தெமெலிஸ். சிலைக் கடை தெமெலிஸ். கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு வந்து, ஒரு கிலோ கேட்டாரு. ரிப்பனை இறுக்கிக் கட்டச் சொன்னாரு. துக்கத்துல இருக்கற வீட்டுல பேர்நாள் கொண்டாட மாட்டாங்களே, யாருக்கு இதுன்னு நினைச்சேன். கேக்க வாய் வரல.”

மேடம் என்னைப் பார்த்தாள். நான் வண்டியைப் பார்த்தேன்.

கறுப்புச் சட்டைக்காரர் கையில் பெட்டி இருந்தால் யாரும் கை நீட்ட மாட்டார்கள். கண்ணைக்கூட வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். தெமெலிஸ் விற்பதோ கடலோரத்தில் பயணிகளுக்குப் பளிங்குப் பாப்பாவின் நகல்கள். அளவெடுக்க வாரம் மூன்று நாள் கொட்டகைக்குப் போகிறவர். அசலுக்கும் நகலுக்கும் வித்தியாசம் தெரிந்த ஒரே ஆள் தீவில் அவர்தான்.

“கேஸ் முடிஞ்சுது மேடம்,” என்றேன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு. எனக்கு நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. தெமெலிஸ் எனக்குச் சின்ன வயசிலிருந்து பழக்கம்.

“பெட்டியத் தூக்கிப் பார்க்காம எந்தக் கேசும் முடியாது,” என்றாள் அவள்.

கடைக்குள் நூறு பாப்பாக்கள் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. தெமெலிஸ் உளியைக் கீழே வைத்தார். நாங்கள் எதற்கு வந்தோம் என்று கேட்கவில்லை. உள்ளறைப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

“அங்க இருக்கு. போய்ப் பாருங்க.”

உள்ளே ஒரு அலமாரித் தட்டு. அதில் ஒரு போட்டோ: மீன்பிடி படகில் நின்று சிரிக்கும் ஒரு மனிதர். அதன் கீழே எண்ணெய் விளக்கு. விளக்குக்குப் பக்கத்தில் மலாமோ கடைப் பெட்டி. கட்டிய ரிப்பன் கட்டியபடியே இருந்தது.

போட்டோவில் இருந்தவரை எனக்குத் தெரியும். தெமெலிஸின் தம்பி. போன பிப்ரவரியில் கடலில் மூழ்கிப் போனவர். அவர் பெயர் சோத்திரிஸ் என்பது எனக்கு அந்த நிமிஷம் வரை ஞாபகமே வரவில்லை. பதினைந்தாவது சோத்திரிஸ்.

மேடம் பெட்டியைத் திறக்கவில்லை. ஒரு உள்ளங்கையில் வைத்து மெல்லத் தூக்கினாள், முப்பத்தைந்து வருஷம் தூக்கிய கை. “நாப்பது உருண்டை,” என்றாள். “ஒரு கிராம் கூடுதலா இல்ல.”

“வருஷா வருஷம் அவன்தான் வாங்கிட்டு வருவான்,” என்றார் தெமெலிஸ். “கடைக்குள்ள வந்ததும் முதல் உருண்டைய என் வாயிலதான் திணிப்பான். இந்த வருஷம் வாங்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். துக்கம், கொண்டாடக் கூடாது, தெரியும். ஆனா அந்த நாள் வந்துட்டா கை சும்மா இருக்க மாட்டேங்குது மேடம். காலையில எழுந்தேன், கால் தானா அங்க போயிடுச்சு. வாங்கிட்டேன். யாருக்குக் கொடுக்கறது? நாள் பூரா தூக்கிக்கிட்டு அலைஞ்சேன். கொட்டகைக்குக்கூடத் தூக்கிட்டுப் போனேன். ஒருத்தரும் கேக்கல.”

மேடம் ரிப்பனை அவிழ்த்தாள். ஒரு உருண்டையை எடுத்தாள். “கடவுள் அவனை மன்னிக்கட்டும்,” என்று இறந்தவர்களுக்காக நாங்கள் சொல்வதைச் சொல்லிவிட்டு வாயில் போட்டாள். நானும் எடுத்தேன், சொன்னேன். தெமெலிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு பாப்பாவின் தலையைத் துடைக்க ஆரம்பித்தார்.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்து. கடல் பக்கமிருந்து கப்பலின் சங்கு மெலிதாகக் கேட்டது. எங்கள் ஒரே துப்பு, கறுப்புச் சட்டையோடு அழுதுகொண்டிருந்தது.

மேடம் மென்றுகொண்டே நின்றாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

“கை சும்மா இருக்காது,” என்றாள் தனக்குத்தானே. “யோர்தானிஸ், நேத்து சாயங்காலம் உனக்குக் காபி வாங்கிக் கொடுத்தது யாரு?”

“அதான் காலையிலேர்ந்து சொல்லிட்டிருக்கேனே. டச்சுக்காரர்.”

“உனக்கு மட்டுமா?”

“கடையில இருந்த பன்னெண்டு பேருக்கும். வெயிட்டரப் பார்த்து விரலால இப்படி ஒரு வட்டம்...”

என் விரல் காற்றில் பாதி வட்டத்திலேயே நின்றுவிட்டது.

இருபத்திரண்டு வருஷம் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றி இறக்கியிருக்கிறேன். அவர்கள் ஒரே மேஜையில் புருஷன் பெண்டாட்டியாக உட்கார்ந்து காபி குடித்தாலும் தனித்தனியாகப் பணம் வைக்கிறவர்கள். கடை முழுக்க என் செலவு என்று வட்டம் போடுகிற ஜாடை அவர்களுக்குத் தெரியாது. அது எங்கள் விரல். அதுவும் சும்மா போடமாட்டோம். கல்யாணம், குழந்தை, இல்லாவிட்டால்...

“பேர்நாள்,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“பேரை மாத்திக்கிட்டான், மொழிய மறைச்சுட்டான், தொப்பி போட்டுக்கிட்டான். பேர்நாள மட்டும் சும்மா விட மனசு வரல. ராசி இல்லாம போயிடுமோன்னு பயம். வாய் திறக்காம வாங்கிக் கொடுத்துட்டான்.” மேடம் பெட்டியை மூடினாள். “தெமெலிஸ், இத எனக்குக் கொடுங்க. உங்க தம்பி பேர்ல துறைமுகத்துல நிக்கற எல்லாருக்கும் தரணும். நீங்களும் வாங்க.”

“எல்லாருக்குமா?” என்றார் தெமெலிஸ்.

“ஒருத்தர் விடாம.”

துறைமுகத்தில் மூன்று நாள் கூட்டம் ஒரே வரிசையாக நின்றது. கப்பல் பளிங்கு வாசலைத் தாண்டி உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. வரிசையின் தலைப்பில் கலிரோயி, அவள் கையில் விலங்கு, அதன் மேல் போட்ட ஒரு துண்டு. துண்டு போட்டது வ்லாஸிஸின் கருணை. ஆனால் துண்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்திருந்தது. விதவைப் பெண்கள் மூன்று பேரும் நாற்காலிகளோடு வந்துவிட்டார்கள்.

வரிசையின் நடுவில் வைக்கோல் தொப்பி. தோளில் பை, கையில் மலாமோ கடைப் பெட்டி. வீட்டுக்காரம்மாவுக்குப் பரிசாக வாங்கியது வீட்டுக்காரம்மாவுக்குப் போய்ச் சேரவே இல்லை.

“பெட்டியத் திறங்க சார்ஜண்ட்,” என்றேன் மூச்சிரைக்க.

“உனக்குப் பைத்தியமா? டூரிஸ்ட் பெட்டியத் திறந்து உள்ள இனிப்பு இருந்தா நாளைக்கு நான் ஆடு மேய்க்கற தீவுல டூட்டி பார்க்கணும். ஆதாரம் இருக்கா?”

“பன்னெண்டு காபி.”

“போய்யா!”

மேடம் எங்களைக் கவனிக்கவே இல்லை. தெமெலிஸின் பெட்டியைத் திறந்து ஏந்திக்கொண்டு வரிசையின் கடைசியிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். ஒவ்வொருவருக்கும் ஒரு உருண்டை, மெல்லிய குரலில் இரண்டு வார்த்தை. உள்ளூர்க்காரர்கள் எடுத்துக்கொண்டு, “கடவுள் அவனை மன்னிக்கட்டும்,” என்றார்கள். வெளியூர்க்காரர்கள் எடுத்துக்கொண்டு அவரவர் பாஷையில் நன்றி சொன்னார்கள். கப்பலின் பின்கதவு சங்கிலிச் சத்தத்தோடு இறங்கத் தொடங்கியது.

டச்சுக்காரருக்கு முன்னால் வந்து நின்றாள் மேடம். அவர் சிரித்தார். உருண்டையை எடுத்தார். ஆங்கிலத்தில் நன்றி சொன்னார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எதுவும் நடக்கவில்லை.

மேடம் நகரவில்லை. எங்கள் மொழியில், துக்க வீட்டுக் குரலில், பேசிக்கொண்டே போனாள்.

“சாப்பிடுப்பா. சோத்திரிஸ் பேர்ல தரேன். பாவம், நாப்பது வயசுகூட முழுசா ஆகல. உன்னை மாதிரியே நெட்டையா இருப்பான். இதே மாதிரி வைக்கோல் தொப்பி. பேர்நாள் முடிஞ்ச கையோட கப்பல் ஏறினான். கடல்லயே போயிட்டான், சோத்திரிஸ்.”

தொப்பியும் பேர்நாளும் கப்பலும் மேடத்தின் கைச்சரக்கு. மற்றதெல்லாம் உண்மை.

ஹென்ட்ரிக்கின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் அவருடைய இடது கை அவரைக் கேட்காமல் எழும்பியது. சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தது. தலை குனிந்தது.

“த்தூ, த்தூ, த்தூ!”

சொந்த மார்பில் மூன்று தடவை. சுத்தமாக, முறையாக, தாய் சொல்லிக் கொடுத்தபடி.

வரிசை அப்படியே உறைந்தது. நாற்காலியில் இருந்த விதவைகளில் ஒருத்தி முதலில் வாயைத் திறந்தாள். “அடி ஆத்தி! டச்சுக்காரன் நம்மள மாதிரியே திருஷ்டி கழிச்சுக்கறானே!”

ஹென்ட்ரிக் தன் கையையே பார்த்தார். பிறகு கப்பலைப் பார்த்தார். பாய்ந்தார். அவர் காலடியில் ஒரு நாற்காலி வந்து விழுந்தது. மூன்று விதவைகளில் எவள் தள்ளினாள் என்று இன்றுவரை தெரியவில்லை. மூன்று பேரும் தான்தான் என்கிறார்கள்.

பெட்டியை மேடமே திறந்தாள். சர்க்கரைத் தூளில் புரண்டு, கையைக் கட்டிக்கொண்டு, மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு படுத்திருந்தாள் பளிங்குப் பாப்பா. ஹென்ட்ரிக்கின் பூட்ஸுக்குள் இன்னொரு அடையாள அட்டை இருந்தது. பிரேயஸ்காரர். பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை.

சார்ஜண்ட் வ்லாஸிஸ் அட்டையை இரண்டு தடவை படித்தார். மீசையைத் தடவினார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

“நான் முதல்லயே சொன்னேனா இல்லியா? இது ஒரு சோத்திரிஸோட வேலைன்னு!”

மேடம் வாயைத் திறந்தாள். மூடினாள். ஒரு பூசணி விதையை எடுத்துக் கடித்தாள், சற்று அழுத்தமாகவே.

விலங்கு கை மாறியது. ஏதென்ஸ் அதிகாரியோடு வந்து இறங்கிய இரண்டு போலீஸ்காரர்கள் புது சோத்திரிஸைக் கப்பல் பக்கம் நடத்தினார்கள். என்னைத் தாண்டும்போது அந்த ஆள் நின்றான். நாலு நாளாக ஊமை ஜாடையில் பேசியவன், பிரேயஸ் தெருப் பேச்சில் பொரிந்து தள்ளினான்.

“பன்னெண்டு பேருக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன். ஆளுக்கு ஒரு பிஸ்கட்டும் சேர்த்து. ஒருத்தன், ஒரே ஒருத்தன் என்னை வாழ்த்தினானா? நன்றி கெட்ட தீவுடா இது.”

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். என் கொழுந்தியாளை விலங்கு மாட்ட வைத்தவன். ஆனால் அவன் காபியைக் குடித்த வாய் இது. வாய்க்குப் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே.

“பல்லாண்டு நல்லா இருக்கணும், சோத்திரிஸ்,” என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. விலங்கு போட்ட இரண்டு கைகளையும் நெஞ்சுக்குக் கொண்டுபோனான்.

“ரொம்ப நன்றிங்க,” என்றான். “ஒரு நாள் லேட்டு. பரவாயில்ல.”

கலிரோயி மட்டும் வாழ்த்தவில்லை. அவள் பாப்பாவை இரண்டு கையாலும் வாங்கி, மூக்கில் ஒட்டியிருந்த சர்க்கரையை ஊதினாள். ஏதென்ஸ் அதிகாரி ரசீது, கையெழுத்து என்று ஏதோ ஆரம்பித்தார். “அப்புறம் சார்,” என்று சொல்லிவிட்டு என் வண்டியின் முன்சீட்டில் ஏறிவிட்டாள். பெல்ட்டை மாட்டினாள், தனக்கும் பாப்பாவுக்கும் சேர்த்து. அதிகாரி வேறு வழியில்லாமல் பின்சீட்டில் மேடத்துக்கும் தெமெலிஸுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டார். தெமெலிஸ் அவருக்கும் ஒரு உருண்டை கொடுத்தார். பெட்டியில் அதுதான் கடைசி.

கொட்டகையில் அவள் பாப்பாவை அதன் இடத்தில் நிறுத்திக்கொண்டிருந்தபோது, ரோட்டில் ஹாரன் கேட்டது. விடுதலையான பஸ் டிரைவர் சோத்திரிஸ். ஜன்னல் வழியாக ஒரு புதுப் பெட்டியை நீட்டிக்கொண்டிருந்தார், விடுதலையைக் கொண்டாட.

“கலிரோயி! ஓடி வா, ஆறிடப் போகுது!”

“இனிப்பு எங்கயாவது ஆறுமா?” என்று கத்தினேன்.

கலிரோயி திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியை மூடினாள். பூட்டினாள். பூட்டை ஒரு தடவை இழுத்தாள், இன்னொரு தடவை இழுத்தாள். சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்து, சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். ஹாரன் மூன்றாவது தடவை அடித்தது.

அதன் பிறகுதான் கேட்டை நோக்கி ஓடினாள்.